இரவு பத்தரை மணிக்கு மேல் வாருங்கள்

ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, வெள்ள நிவாரணம் ஆகியவற்றுக்கு ஒப்புதல் தரும் தமிழக அரசு அதிகாரிகளுக்கும் சென்னை மாநகராட்சி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வடசென்னையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்புறம் ஆன்லைன் விண்ணப்பங்கள். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. கடையை விட்டு இறங்கினால் பிளாட்பாரம். இரவில் அங்கே முப்பது, முப்பத்தைந்து குடும்பங்கள் படுக்கின்றன. சிலருக்கு அது மூன்றாவது தலைமுறை. ஆயா பிறந்ததும் அங்கேதான், பேத்திக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் அங்கேதான்.

உங்கள் கோப்புகளில் 'வீடற்றோர்' என்று வருகிறவர்கள் இவர்கள். இவர்களுக்காக நான் போட்ட விண்ணப்பங்கள், அவற்றுக்கு வந்த பதில்கள் எல்லாவற்றிலும் ஒரு பிரதி என் கடையில் இருக்கிறது. மழையில் நனையாமல் காகிதத்தை வைக்க அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. அதனால் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒருவர் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெயர் வேண்டாம். எல்லோரும் அவரைப் பூக்கார ஆயா என்பார்கள்.

போன வருஷம் ஆடி மாதம் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தார். 2023 ஆகஸ்டில் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். இடுப்பில் செருகியிருந்த பாலிதீன் கவரைப் பிரித்து ஆதார், வாக்காளர் அட்டை, பேங்க் புத்தகம், கணவரின் இறப்புச் சான்று என்று ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். கதவு எண் என்ற கட்டத்தில் வந்து நின்றது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

"டோர் நம்பர் என்ன போடறது ஆயா?"

"எனக்கு ஏதுப்பா டோர் நம்பரு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் எழுந்து வெளியே போனார். அவர் படுக்கும் இடத்துக்கு நேராக ஒரு தெருவிளக்குக் கம்பம். அதில் பெயிண்டால் ஒரு நம்பர் எழுதியிருக்கும். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பேரனைக் கூட்டிப் போய்ப் படிக்கச் சொல்லி, அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இதப் போடு தம்பி. இந்தக் கம்பத்தாண்டதான் நாப்பது வருஷமா படுக்கறேன். யார வேணா கேளு, சொல்லுவாங்க."

அதையே போட்டேன். கணினி ஏற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் பதில் வந்தது. கள விசாரணையில் விண்ணப்பதாரர் மேற்கண்ட முகவரியில் வசிக்கவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

விசாரணைக்கு வந்தவரை நான் பார்த்தேன். தன்மையான மனிதர். வெயிலில் அலைந்து, அந்தக் கம்பத்தைக் கண்டுபிடித்து வந்திருந்தார். நேரம் காலை பதினோரு மணி. கம்பத்தின் அடியில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஆயா பூ வாங்கக் கோயம்பேடு போயிருந்தார். விசாரணைக்கு வந்தவர் என் கடையில் கேட்டார். "ராத்திரி வந்தீங்கன்னா இருப்பாங்க சார்" என்றேன். "ராத்திரி எனக்கு டியூட்டி கிடையாதுங்களே" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அவர் பார்த்தது மூட்டையைத்தான்.

பிளாட்பாரத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். இது தெரியாமல்தான் இத்தனை காகிதங்கள் திரும்பி வருகின்றன என்று நினைக்கிறேன்.

விடிகாலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். பாய், போர்வை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, சுற்றுச்சுவர்க் கம்பியிலோ மீன்பாடி வண்டியின் அடியிலோ தொங்கவிட்டுவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மொத்த வியாபாரக் கடைகள் திறக்கும். அதற்குள் இடத்தைக் காலி செய்யாவிட்டால் சண்டை. ஆண்கள் லோடு ஏற்றப் போவார்கள். பெண்களில் பாதிப் பேர் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்க, மீதிப் பேர் பூ, பழம், இட்லி. பிள்ளைகள் பள்ளிக்கூடம். இரவு எட்டு மணிக்குத் திரும்பினாலும் கடைகள் திறந்திருக்கும். எதிர்ப்பக்கம் ஓரமாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். பத்து, பத்தேகாலுக்கு ஷட்டர்கள் இறங்கும். அப்புறம் ஒருவர் தண்ணீர் தெளித்துப் பெருக்குவார். பாய் விரியும். எந்தப் பாய் எந்த இடத்தில் என்பதில் அங்கே குழப்பமே வராது. யாருடைய ஷட்டர் முன்னால் யார் என்பது அவர்களுக்குப் பட்டா போல மனப்பாடம்.

ஆக, இவர்களுக்கு முகவரி இருக்கிறது. இரவு பத்தரையிலிருந்து விடிகாலை ஐந்தரை வரை இருக்கிறது. நீங்கள் பகலில் வந்து தேடுகிறீர்கள்.

இரவில் போய்ப் பாருங்கள் என்று நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அரசாங்கம் ஏற்கெனவே அப்படிப் போகிறது. பூக்கார ஆயாவிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது என்றேன் அல்லவா? தேர்தல் ஆணையத்தின் விதியைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல், வீடில்லாத ஒருவர் தான் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய் அவர் அங்கே உறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு இரவு பார்த்துவிட்டு வந்தால் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போக வேண்டும். உறங்குவது உறுதியாகிவிட்டால் முகவரிக்கு வேறு ஆவணமே கேட்கக் கூடாது. எவ்வளவு நியாயமான விதி! எழுதியவர் யாரோ, பிளாட்பாரத்தைத் தெரிந்தவர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படித்தான். 2011-ல் வீடில்லாதவர்களை எண்ணியது பிப்ரவரி 28-ம் தேதி இரவில். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது அந்த ஒரே இரவில் எடுத்ததுதான்.

ஓட்டுக்கும் தலை எண்ணுவதற்கும் இரவில் வர முடிகிறது. அரிசிக்கும் உதவித்தொகைக்கும் மட்டும் ஏன் பகலில் வருகிறீர்கள்? இந்த மடல் முழுக்க நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

ரேஷன் அட்டை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டில் அது அரிசி வாங்கும் அட்டை மட்டும் கிடையாது, எல்லாப் பூட்டுக்கும் அதுதான் சாவி. கொரோனா வந்தபோது 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய், 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாய், இரண்டும் அரிசி அட்டைக்குத்தான். பொங்கல் பரிசும் அட்டைக்குத்தான். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், அதற்கும் முதல் கேள்வி அட்டை எண்தான். அந்தத் திட்டத்தின் விதிகளை நான் வரி வரியாகப் படித்தேன். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் வீடாக இருக்கக் கூடாது. எங்கள் தெருப் பெண்கள் தெருவிளக்கு வெளிச்சத்தில் பூ கட்டுகிறவர்கள். வருமானம், நிலம், மின்சாரம் என்று எந்த அளவுகோலை வைத்தாலும் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள். அட்டை இல்லாததால் வரிசைக்கே வர முடியவில்லை.

ஏன் அட்டை வாங்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரு பெண்ணின் கோப்பை எடுத்துப் படிக்கிறேன்.

இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். கணவன் மீன்பாடி வண்டி ஓட்டுகிறான். கல்யாணத்துக்குப் பிறகும் இவள் பெயர் தாயாரின் அட்டையிலேயே இருந்தது. தாயாரிடம் அட்டை இருந்ததற்குக் காரணம், பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு குடிசையில் கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்தார்கள். அதன் விலாசத்தில் வாங்கியது. புது அட்டை வேண்டுமென்றால் முதலில் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். 2023 ஆவணியில் நீக்கினோம். பெயர் நீக்கம் உடனே நடந்துவிட்டது. புது அட்டைக்கு விண்ணப்பித்தோம். தனியாக வசித்து, தனியாகச் சமைக்கும் குடும்பத்துக்குத்தான் தனி அட்டை என்பது விதி. விசாரணைக்கு வந்தவர்கள் அம்மாவின் அடுப்பையும் மகளின் அடுப்பையும் பார்த்தார்கள். அம்மாவுக்கு மூன்று செங்கல், மகளுக்கு மூன்று செங்கல், நடுவில் இரண்டடி. தனிச் சமையல் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். தாயார் அட்டையிலும் அவள் இல்லை, புது அட்டையும் இல்லை. கூடவே இரண்டு பிள்ளைகள் பெயரும் போயிற்று. என் யோசனைப்படி பெயரை நீக்கியவள் அவள். இன்றைக்கும் கடைப் பக்கம் வந்தால் "அண்ணா, அது ஏதாச்சும் வந்துச்சா?" என்றுதான் கேட்பாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது.

டிசம்பர் 3 இரவு ஆரம்பித்த மழை, 4-ம் தேதி முழுக்க விடவில்லை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். முதல் ஒரு மணி நேரம் கடைப் படிகளில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சமாளித்தார்கள். அப்புறம் படியும் முழுகியது. நான் ஷட்டரைத் திறந்து விட்டேன். எட்டடிக்குப் பத்தடி கடை. மெஷினை மேசை மேல் ஏற்றிவிட்டு, பதினேழு பேர் உள்ளே நின்றோம். உட்கார இடமில்லை. கரண்ட் இல்லை. பூக்கார ஆயா ஒரு எவர்சில்வர் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். சாப்பாடு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். விடிந்த பிறகு திறந்து காட்டினார். உள்ளே ஆதாரும் வாக்காளர் அட்டையும் கணவரின் இறப்புச் சான்றும் பாலிதீன் கவரில் சுற்றி இருந்தன. அடுத்த குடும்பத்தின் டிரங்குப் பெட்டி தண்ணீரோடு போயிருந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஸ்கூல் டி.சி. எல்லாம் அதில் இருந்தன.

அந்த வாரக் கடைசியில் 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். டோக்கன் வீடு தேடி வந்தது, ரேஷன் கடையில் ரொக்கமாகக் கையில் கொடுத்தார்கள். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு அது. ரொக்கமாகக் கொடுத்ததால் வங்கிக் கணக்கு முடங்கிப் போனவர்கள்கூட வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பிளாட்பாரத்திலும் அட்டை இருந்தவர்கள் வாங்கினார்கள். அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணின் தாயாரும் வாங்கினார், அதில் பாதியை மகளுக்குக் கொடுத்தார். அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பம் கொடுக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். கரண்ட் வந்த அன்றிலிருந்து இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுத்தேன். அந்தப் படிவத்திலும் விலாசம் கேட்டிருந்தது. கம்பத்து நம்பரை எழுதி எழுதி என் கையே அதற்குப் பழகிவிட்டது.

2015 வெள்ளத்திலும் கணக்கெடுப்பு வீடு வீடாகத்தான் நடந்தது. வீட்டுக்குள் தண்ணீர் எத்தனை அடி வந்தது என்று கேட்டார்கள். அப்போது நானும் பாதிக்கப்பட்டவன், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினேன். பிளாட்பாரத்தில் இருக்கிறவர் எந்தச் சுவரைக் காட்டுவார்?

அவசர உதவி என்றால் அவசரத்தில் வர வேண்டும். புயலில் முதலில் நனைகிறவர்களின் பட்டியல் புயல் வந்த பிறகு தயாரிக்கக் கூடியது கிடையாது. சென்னைக்கு மழை எந்த மாதம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். புரட்டாசியிலேயே ஒவ்வொரு வார்டிலும் இரண்டு மூன்று இரவுகள் நடந்து பார்த்தால் பட்டியல் கையில் இருக்கும். 200 வார்டுகள்தானே! கால்வாய் தூர்வார அந்த மாதத்தில் ஆள் அனுப்புகிறீர்கள், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் யாரை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவது என்பதற்கும் அந்தப் பட்டியல்தான் உதவும். நிவாரணம் அறிவித்தால் டோக்கனும் அதே பட்டியலை வைத்து, அதே இரவு நேரத்தில், பாய் விரிக்கும் இடத்துக்கே வரட்டும்.

"காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே?" இதைப் பல அலுவலகங்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எரிச்சலில் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார்கள். அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன்.

காப்பகங்கள் வேண்டும். நகரத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் நாள் முழுக்கத் திறந்திருக்கும் காப்பகம் என்ற அளவு, 2010 தொடக்கத்தில் டில்லிக் குளிரில் ஆரம்பித்த உச்ச நீதிமன்ற வழக்கிலிருந்து வந்தது. 2011 கணக்குப்படி பார்த்தால் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் 66 லட்சத்துக்கும் மேல் மக்கள். அப்படியானால் குறைந்தது 66 காப்பகங்கள் வேண்டும். அந்தக் கணக்கு 2011-க்கு உரியது, ஊர் அதற்கப்புறம் எவ்வளவோ பெருத்துவிட்டது. ஆதரவில்லாத முதியவர்கள், மனநலம் குன்றித் தெருவில் அலைந்தவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் விடப்பட்டவர்கள், எத்தனையோ பேர் காப்பகத்தால் பிழைத்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் எங்கள் பிளாட்பாரத்தில் இருப்பவை குடும்பங்கள். ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஒரு காப்பகம் என்றால் புருஷன் ஓர் இடம், பெண்டாட்டி ஓர் இடம், வயசுக்கு வந்த பையன் வேறு இடம். மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது? இரவு இரண்டு மணிக்கு லோடு வந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர முடியுமா? வேலை இருக்கும் இடத்தில் படுக்கிறார்கள், அவ்வளவுதான். நடைபாதையில் இருப்பவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்பதை 1985-லேயே ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிழைப்பு அங்கே இருப்பதால் இருக்கிறார்கள், பிழைப்பைப் பறித்தால் உயிர் வாழும் உரிமையைப் பறித்ததாகும் என்று.

வீடு கிடைத்தவர்களும் உண்டு. பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி ஒதுக்கினார்கள். முப்பது கிலோமீட்டர். விடிகாலை நான்கு மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டியவர் அங்கிருந்து எப்படி வருவார்? வாரத்தில் ஐந்து நாள் இங்கே பிளாட்பாரம், சனி ஞாயிறு அங்கே வீடு என்று இரண்டு பக்கமும் அலைகிறார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, காப்பகத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. காப்பகத்தில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை, ரேஷன் அட்டை, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாம் கிடைக்க உதவ வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆதார் எடுக்கவும் அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் சான்றிதழ் தரலாம். இந்த வசதியை அங்கே படுக்கிறவர்களோடு நிறுத்தாமல் சுற்றுவட்டாரப் பிளாட்பாரத்துக்கும் விரித்தால் என்ன? காப்பகத்தின் விலாசம், அல்லது வார்டு அலுவலகத்தின் விலாசம், இவர்களுடைய தபால் விலாசமாக இருக்கட்டும். இப்போது இவர்களுக்கு வரும் தபாலெல்லாம் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறது. எனக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கடையை மூடினால் முப்பது குடும்பத்தின் தபாலும் நின்றுவிடும்.

இரண்டு பயங்களைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அலுவலகங்களில் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் அவைதான் கையெழுத்தைத் தடுக்கின்றன.

ஒன்று, பிளாட்பாரத்தை விலாசமாக ஏற்று அட்டை கொடுத்தால் நாளைக்கு அந்த இடத்துக்கே உரிமை கேட்பார்கள் என்ற பயம். மத்திய அரசின் 2015-ம் ஆண்டு பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையைப் பாருங்கள். ரேஷன் அட்டையை அடையாளச் சான்றாகவோ இருப்பிடச் சான்றாகவோ பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. அந்த அட்டை இருப்பிடத்துக்கே சான்றாகாது என்றால் இடத்துக்கு எப்படிப் பத்திரமாகும்? அரிசி கொடுத்தால் அரிசி கொடுத்ததாகத்தான் ஆகும்.

இன்னொன்று, ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் அட்டை வாங்கிவிடுவார் என்ற பயம். ஆதார் எண்ணைச் சேர்க்காமல் இப்போது தமிழ்நாட்டில் அட்டையே கிடையாது. இரட்டைப் பதிவு இருந்தால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். என் கடையிலேயே பார்த்திருக்கிறேன், ஊரில் மாமியார் அட்டையில் பெயர் இருந்ததை மறந்துபோய் வந்த பெண்ணை நிமிஷத்தில் திருப்பி அனுப்பியது. ஆளைச் சரிபார்க்க ஆதார் இருக்கிறது. இடத்தைச் சரிபார்க்க இரவு இருக்கிறது.

மத்திய உணவுத் துறையும் 2021 ஜூனில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. தெருவோரம் வசிப்பவர்கள், குப்பை பொறுக்குகிறவர்கள், ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் ஆகியோர் முகவரிச் சான்று இல்லாததால் விடுபட்டிருக்கலாம், தனி முயற்சி எடுத்து அவர்களைச் சேருங்கள் என்று. ஆக, யாரும் உங்களைத் தடுக்கவில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். கதவு எண் கட்டத்துக்குப் பக்கத்தில் 'வீடற்றோர்' என்று ஒரு தேர்வு வையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தவரை விசாரிக்க இரவில் போக வேண்டும், ஒரு முறை காணாவிட்டால் இன்னொரு இரவு போக வேண்டும், இரவு விசாரணை இல்லாமல் நிராகரிக்கக் கூடாது என்று எழுதுங்கள். போகிறவருக்கு இரவு வேலைக்கு உரிய படியையும் கொடுங்கள். அவரும் குடும்பஸ்தர்தான். வாக்குச்சாவடி அலுவலர் ஏற்கெனவே இரவில் பார்த்து உறுதி செய்தவர் என்றால் அந்தப் பதிவையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஒரே இடத்தில் படுப்பதை எத்தனை துறை தனித்தனியாக வந்து பார்ப்பது? அடுப்பு இரண்டா என்று பார்க்கும்போது செங்கல்லையும் அடுப்பு என்று ஒத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் பெயரை நீக்குவதும் புது அட்டை கொடுப்பதும் ஒரே நாளில் நடக்கட்டும், நடுவில் ஒருவரும் விழக் கூடாது.

போன் விஷயம் ஒன்றும் உண்டு. விண்ணப்பத்தின் நிலை, ஓ.டி.பி., நிராகரித்த தகவல் எல்லாமே போனுக்கு வருகின்றன. பிளாட்பாரத்தில் தூங்குகிறவரின் தலைமாட்டில் போன் எத்தனை நாள் இருக்கும்? ஆயாவுக்கு இது நான்காவது நம்பர். நம்பர் மாறினால் ஆதாரில் மாற்ற வேண்டும், அதற்கு ஒரு நாள் கூலி போகும். முடிவை எழுத்தில், வார்டு அலுவலகத்தில் கையில் வாங்கிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

மாநகராட்சிக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நடைபாதையைச் சுத்தம் செய்ய லாரி வரும்போது மூட்டைகளை அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பார்த்தால் கந்தல் மாதிரி இருக்கும். அதற்குள்தான் ஆதார் இருக்கும், மாத்திரைச் சீட்டு இருக்கும், பிள்ளையின் மார்க் ஷீட் இருக்கும். அரை மணி நேரம் முன்னால் குரல் கொடுத்தால் அவர்களே எடுத்து வைத்துவிடுவார்கள்.

பூக்கார ஆயாவுக்கு மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அதே கம்பத்து நம்பர்தான். இந்தத் தடவை குறிப்பு எழுதும் இடத்தில் 'இரவு 10.30-க்கு மேல் வரவும்' என்றும் சேர்த்திருக்கிறேன். யாராவது வருவார்கள் என்று ஆயா நம்புகிறார். முன்பெல்லாம் மழை வந்தால் எதிர்ப்பக்க ஓட்டல் திண்ணைக்குப் போய்விடுவார். இப்போது தூறலில்கூட தலைக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று எழுதிவிடக் கூடாதாம்.

வருகிறவர் என் கடையைக் கேட்டு வரட்டும், எத்தனை மணியானாலும் கூட வருகிறேன். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். டார்ச்சை முகத்தில் அடிக்க வேண்டாம், லத்தியோடு வருகிறவர்கள் அப்படித்தான் எழுப்புவார்கள், பிள்ளைகள் அலறிவிடும். பக்கத்தில் நின்று "ஆயா" என்று கூப்பிட்டால் போதும். அவருக்குத் தூக்கம் குறைவு, எழுந்துவிடுவார்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்